603102-க்கு வந்த கடிதங்கள்

1985-ஆம் ஆண்டு. ஆடிக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம். நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிறு இல்லை, ஆனால் பள்ளி விடுமுறை. அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்டும் சாமான்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வந்து நின்றார். "பாப்பா, உனக்குத்தான். ஹாலந்துலேருந்து வந்திருக்கு" என்று ஓர் உறையை நீட்டினார். அதற்குள் பக்கத்து டீக்கடையிலிருந்து நான்கு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். ராணியின் தலை அச்சிட்ட அந்தத் தபால்தலை கைக்குக் கை மாறி, டீக்கறை ஏதும் படாமல் என்னிடம் திரும்பி வரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

உள்ளே ஒரு தாள். நீல மையில் சாய்வான கூட்டெழுத்து. என் வயதுப் பெண் ஒருத்தி, மிடில்பர்க் என்ற ஊரிலிருந்து எழுதியிருந்தாள். அவள் பெயரை அச்சில் போடலாமா என்று அவளிடம் நான் கேட்டதில்லை. அதனால் இங்கே அவள் என் தோழி, அவ்வளவுதான்.

கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. உன் அப்பா என்ன செய்கிறார்? தினமும் சோறுதானா? உன் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? உன் ஊரின் பெயருக்கு என்ன பொருள்? நான்காவது கேள்விதான் எனக்கு மிகவும் சுலபமாகப் பட்டது. அகராதியைப் பார்த்து, புதுப்பட்டினம் என்றால் 'புதிய துறைமுக ஊர்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: "புதிது என்றால் எப்போதிலிருந்து?"

அப்பாவிடம் கேட்டேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தா காலத்துலயும் இதேதாம்மா பேரு. புதுசுன்னு ஒண்ணு இருந்தா, பழசுன்னு ஒண்ணு எங்கனா இருக்கணும் இல்ல? தேடிப் பாரு."

பதின்மூன்று வருடம் வாழ்ந்த ஊரை நான் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். பேனா நட்பு என்ற வழக்கத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் எனக்குத் தோழியின் அந்த வரிதான் முதலில் வருகிறது. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தன் ஊரைச் சொல்ல முயலும்போது, எழுதுகிற பிள்ளை வளர்கிறது.

*

காணாமலே நட்பு என்பது தமிழருக்குப் புதிதல்ல. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பரானவர்கள் என்பதைத் தமிழய்யா சொல்லாத பள்ளி கிடையாது. பிசிராந்தையார் தம் நட்பைச் சொல்லி அனுப்ப அன்னச்சேவலைத்தான் அழைத்தார். அன்னச்சேவலுக்குப் பதிலாகத் தபால்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இந்தியா முழுவதற்குமான தபால்தலை 1854 அக்டோபரில் வந்தது. கால் அணா அஞ்சல் அட்டை 1879-இல். இவற்றைவிடப் பெரிய மாற்றம் 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்தது. அதற்கு முன் அயல்நாட்டுக்குக் கடிதம் போடுவதென்றால், வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கூலி, தனித்தனிக் கணக்கு. பெர்ன் உடன்படிக்கை உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் ஒரே தபால் பரப்பாக ஆக்கியது. அனுப்புகிற இடத்தில் ஒரு தபால்தலை ஒட்டினால் போதும், சேருகிற இடம் வரைக்கும் அது செல்லும். இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது. சைக்கிள் கடைக்காரர் மகள் ஹாலந்துக்குக் கடிதம் போட முடிந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. பிறகு 1906-இல் ரோம் மாநாட்டில் பதில் கூப்பன் என்ற ஏற்பாடும் வந்தது. கடிதத்தோடு அதை வைத்து அனுப்பினால், எதிர்முனையில் இருப்பவர் தம் ஊர்த் தபால் நிலையத்தில் அதைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிப் பதில் போடலாம்.

எனக்குத் தோழி கிடைத்தது பின்லாந்து வழியாக. துர்க்கு என்ற ஊரில் 1952 முதல் 2008 வரை ஒரு சர்வதேச இளைஞர் சேவை அமைப்பு இயங்கியது. பத்து வயதிலிருந்து இருபது வயது வரை உள்ளவர்களுக்கு அயல்நாட்டுப் பேனா நண்பர்களைச் சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்து எங்களுக்கு டியூஷன் எடுத்த அக்கா அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தார். வயது, தெரிந்த மொழி, பொழுதுபோக்கு, விரும்பும் நாடு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் 'தபால்தலை சேகரிப்பு' என்று எழுதினேன். அதுவரை நான் சேர்த்திருந்தவை மூன்று.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இது ஒன்றும் விசித்திரமான ஆசை இல்லை. 'கோகுலம்' 1972 முதல் வந்துகொண்டிருந்தது. 'பூந்தளிர்' 1984-இல் தொடங்கியது. பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதிகளில் பெயரும் முகவரியும் வரும். சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கிய நாளிலிருந்து பெய்ஜிங்குக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் போட்ட நேயர்கள் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தார்கள். உள்நாட்டுக்கு இன்லண்ட் லெட்டர், வெளிநாட்டுக்கு ஏரோகிராம். ஏரோகிராமுக்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. படமோ பூவிதழோ வைக்க வேண்டுமென்றால் கவர்தான், எடை போட்டுத்தான். அந்த எடைக்காக நான் தாளின் ஓரங்களைக் கத்தரித்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் நம்மிடம் நிறைய உண்டு. 1928-இல் முசௌரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு நேரு எழுதிய முப்பது கடிதங்கள் அடுத்த ஆண்டே புத்தகமாயின. மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' நூல்களைப் பள்ளிப் பரிசாக வாங்காத வீடு குறைவு. அவற்றை நான் மதிப்போடு படித்திருக்கிறேன். ஆனால் அவை பெரியவர் பேச, சிறியவர் கேட்கும் கடிதங்கள். பேனா நட்பில் இரண்டு பக்கமும் சிறியவர்கள். இரண்டு பேருக்கும் உலகம் பாதிதான் தெரியும். என் தோழிக்கும் ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழிதான். இருவரும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினோம். ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிக்க முடியாத அந்த நிலை எனக்குப் பெரிய தைரியம்.

பின்னாளில் ஆன் ஃபிராங்கைப் பற்றி ஒரு செய்தி படித்தபோது மனம் கனத்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூர். அங்கே பர்டி மாத்யூஸ் என்ற ஆசிரியை தம் மாணவர்களுக்கு அயல்நாட்டுப் பேனா நண்பர்களை ஏற்பாடு செய்தார். ஹுவானிட்டா வாக்னர் என்ற பத்து வயதுச் சிறுமி எழுதிய கடிதம் ஆம்ஸ்டர்டாமில் ஆனுக்குக் கிடைத்தது. ஆனுக்கும் பத்து வயதுதான். அவள் பதில் 1940 ஏப்ரல் 29 தேதியிட்டது. அக்கா மார்கோ, ஹுவானிட்டாவின் அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்தாள். மே 10-ஆம் தேதி ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. அயோவாச் சிறுமிகள் மறுபடி எழுதினார்கள், பதில் வரவில்லை. உலகமெல்லாம் பின்னர் படித்த நாட்குறிப்பை எழுதுவதற்கு முன், அந்தப் பெண் தன் வயதுப் பிள்ளை ஒருத்திக்குத் தன் ஊரைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

*

அப்பா சொன்ன 'பழசை'த் தேடி நான் போனது சதுரங்கப்பட்டினத்துக்கு. பக்கத்து ஊர்தான். கடையில் வாடகைக்குப் போகாமல் கிடந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கடலோரம் டச்சுக்காரர் கட்டிய செங்கல் கோட்டை இடிந்து கிடந்தது. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கல்லறைகள்; கல்லில் புரியாத எழுத்து. பள்ளிச் சுற்றுலாவுக்கு மாமல்லபுரம் போவோம். இங்கே யாரும் கூட்டி வந்ததில்லை.

தாளைக் கல்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுத்தேன். பாதுகாக்கப்பட்ட கல்லை அப்படித் தொடக் கூடாது என்று இன்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அன்று தெரியவில்லை. மடித்துக் கவரில் வைத்து மிடில்பர்க்குக்கு அனுப்பினேன். தோழியின் அப்பா அதைப் படித்தார். முதல் மூன்று சொற்களும் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்று பொருள்படுபவையாம். "ஆனால் எழுத்துக்கூட்டு ரொம்பப் பழையது. இன்று நாங்கள் இப்படி எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் திருத்துவார்" என்று எழுதியிருந்தாள். மற்ற எழுத்துகள் உப்புக் காற்றில் தேய்ந்துவிட்டிருந்தன.

கூடவே அவள் ஒன்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு நான் கடையிலிருந்து கடற்கரை வரை நடந்தேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியபோது அதற்கு ஆறு கிளைகள். அவற்றில் ஒன்று அவளுடைய மிடில்பர்க். சோழமண்டலக் கரையின் துணிமணிகள் போய் இறங்கிய துறைகளில் அவள் ஊரும் ஒன்று. முந்நூறு வருடத்துக்கு முன்பே எங்கள் இரண்டு கரைகளுக்கும் நடுவே போக்குவரத்து இருந்திருக்கிறது.

அந்தப் போக்குவரத்தில் கடிதங்களும் இருந்தன. ஆசியாவுக்கு வரும் கப்பலுக்கு ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும். மாலுமியின் மனைவி ஒரு கேள்வி கேட்டால், பதில் போய்ச் சேர ஒன்றரை, இரண்டு வருடம். எல்லாம் போய்ச் சேரவும் இல்லை. போர்க்காலங்களில் ஆங்கிலேயர் பிடித்த கப்பல்களின் தபால் பைகள் லண்டனுக்குப் போயின. அப்படிச் சிக்கிய சுமார் 38,000 டச்சுக் கடிதங்களும் தாள்களும் இன்று அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை மாலுமிகளும், அவர்கள் மனைவிமாரும், தாய்மாரும் எழுதிய வீட்டுக் கடிதங்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் சாதாரண மனிதர் பேச்சு எப்படி இருந்தது என்பதை லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றிலிருந்துதான் படித்தறிந்தார்கள். அந்தப் போர்களில் ஒன்றில்தான் 1781-இல் சதுரங்கப்பட்டினமும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த பிப்ரவரி 17-ஆம் தேதி எங்கள் கடலிலேயே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1824 உடன்படிக்கைக்குப் பிறகு டச்சுக்காரர் இந்தியாவை விட்டே போய்விட்டார்கள்.

கோட்டைதான் பழசு என்று நினைத்தேன். அதற்கும் முன்னால் ஒரு பழசு இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில், சம்புவராயர் காலத்துக் கல்வெட்டில், சதுரங்கப்பட்டினத்துக்கு ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர். அதாவது, டச்சுக்காரர் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அது பட்டினம். இதையெல்லாம் நான் படித்தது கல்லூரிக் காலத்தில். எட்டாம் வகுப்பில் தோழிக்கு எழுதியது இவ்வளவுதான்: "எங்கள் ஊர் புதிது. பக்கத்து ஊர் அதைவிடப் பழையது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்."

*

எல்லாக் கடிதத்திலும் வரலாறு இருக்கவில்லை. அவள் ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள் என்று தெரிந்ததும் அப்பா என் கடிதங்களுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே சில சைக்கிள்களுக்குக் கைப்பிடியில் பிரேக்கே இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும். இது அப்பாவுக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. "எப்படி நிக்குதுன்னு வரைஞ்சு அனுப்பச் சொல்லு" என்றார். அவள் பின்சக்கரத்தின் அச்சைத் திறந்து பார்த்தது போலப் படம் வரைந்து அனுப்பினாள். அந்தத் தாள் கடைச் சுவரில் பல வருடம் தொங்கியது.

1986 மே மாதம் அவள் எழுதிய கடிதம் ஜூனில் வந்தது. ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபிலில் அணு உலை வெடித்திருந்தது. காற்று அந்தத் தூசியை ஹாலந்து வரை கொண்டுபோயிருந்தது. மாடுகளைப் புல்வெளிக்கு விடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பசலைக்கீரை விற்கத் தடை. "எங்கள் பக்கத்துப் பண்ணையில் மாடுகள் கொட்டிலிலேயே நின்று கத்துகின்றன" என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: "நீ எனக்கு வரைந்து அனுப்பிய கட்டடமும் அதே மாதிரியா?"

நான்தான் வரைந்து அனுப்பியிருந்தேன். கல்பாக்கத்தில் முதல் அணுமின் அலகு 1983-இல் இயங்கத் தொடங்கியபோது இந்திரா காந்தி வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதாத பிள்ளை இல்லை. சவுக்குத் தோப்பும் மீன்பிடிக் குப்பமுமாக இருந்த இடத்துக்கு வங்காளத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. எங்கள் பஜார் பெரிதானது. அப்பாவின் கடையில் சைக்கிள் எண்ணிக்கை கூடியது. அந்தக் கட்டடம் எனக்குப் பெருமை. அதே படம் அவள் மேஜையில் பயமாக மாறியிருந்தது.

அறிவியல் ஆசிரியரிடம் போனேன். செர்னோபில் உலையில் நியூட்ரானின் வேகத்தைத் தணிக்க கிராஃபைட் இருந்தது என்றும், நம்முடையதில் கனநீர் இருக்கிறது என்றும், இரண்டின் அமைப்பும் வேறு என்றும் படம் போட்டுச் சொன்னார். அதை எழுதினேன். எழுதியபின்னும் அவள் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னோம் என்று தோன்றியது. ஆறு முறை கிழித்தேன். கடைசியில், "இங்கே எல்லோருக்கும் இது சோறு போடும் இடம். நீ கேட்கும்வரை நான் பயந்ததில்லை. இனி கேள்விகள் கேட்பேன்" என்று முடித்தேன். ஒரே பொருளை இரண்டு கரையிலிருந்து பார்க்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கடிதம் தந்தது.

அதே வருடம் அக்டோபரில் அவளிடமிருந்து ஒரு பட அட்டை. கடல்மேல் நீளமாக வரிசை பிடித்து நிற்கும் தூண்கள். கிழக்கு ஷெல்ட் கழிமுகத்தின் வாயில் புயல் தடுப்பணை திறக்கப்பட்டிருந்தது. 1953 பிப்ரவரி முதல் நாள் விடிவதற்கு முன்பே கடல் கரையை உடைத்து உள்ளே வந்து ஹாலந்தில் 1,836 பேரைக் கொன்றது. அவள் பாட்டி ஊரான ஸ்கௌவென் தீவு முழுகியது. அதன் பிறகுதான் அந்த அணைத்திட்டம். "பாட்டி இன்னும் மழைக்காலத்தில் செருப்பைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறாள்" என்று எழுதியிருந்தாள்.

*

எங்கள் கடிதங்கள் 1990-இல் நின்றன. சண்டை இல்லை, காரணமும் இல்லை. அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள், நான் செங்கல்பட்டுக்கு. பேனா நட்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான் முடிந்திருக்கின்றன. முடிந்ததால் அவை வீண் ஆகிவிடவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எங்கள் ஊருக்குள்ளும் வந்தது. குப்பத்து வீடுகள் போயின, டவுன்ஷிப்பில் கடலையொட்டிய குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது, தெரிந்த முகங்கள் இல்லாமல் போயின. பல நாள் எங்கள் தெருக் கிணற்றில் உப்பு. ஜனவரிக் கடைசியில் தபால்காரர் கடை வாசலில் வந்து நின்றார். அதே சாய்வெழுத்து. கடையின் பெயர், புதுப்பட்டினம், கல்பாக்கம், 603102. பதினைந்து வருடம் கழித்தும் அந்த ஆறு எண்களும் அவளிடம் இருந்திருக்கின்றன.

ஒரே பக்கம்தான் எழுதியிருந்தாள். நீ இருக்கிறாயா என்று முதலில் கேட்டிருந்தாள். பிறகு, 1953-இல் கடல் வடிந்த பின் பாட்டியின் வயலில் எதுவும் முளைக்கவில்லை. மண்ணில் ஜிப்சம் போட்டு, மழை நீரில் உப்பைக் கழுவிக் கழுவித்தான் நிலம் திரும்பியது. உங்கள் ஊர் விவசாயிகளுக்கு இது பயன்படுமா என்று கேட்டிருந்தாள். அந்த மாதங்களில் நாகப்பட்டினம் பக்கத்தில் வேளாண் துறையினரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஜிப்சம் இடு, நீர் கட்டி வடி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழு. நான் அன்றிரவே பதில் எழுதினேன். தக்கைப்பூண்டு என்றால் என்ன என்று விளக்கவே அரைப் பக்கம் ஆனது.

*

இப்போது நான் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். 'சேம் சன் ஹியர்' என்ற நாவலை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2012-இல் வந்தது, சைலஸ் ஹவுஸ், நீலா வாஸ்வானி இருவரும் எழுதியது. இந்திய மலையூரில் பாட்டியை விட்டுவிட்டு நியூயார்க்கின் சைனாடவுனில் வாழும் மீனா என்ற சிறுமியும், கென்டக்கியின் நிலக்கரி மலைநாட்டில் சுரங்கத் தொழிலாளியின் மகனான ரிவர் என்ற சிறுவனும் எழுதிக்கொள்ளும் கடிதங்களே முழு நாவலும். ஒருவர் மீனாவாகவும் மற்றவர் ரிவராகவும் இருந்துகொண்டு, ஆசிரியர்கள் இருவரும் மெய்யாகவே ஒருவருக்கொருவர் எழுதி அனுப்பி அதை உருவாக்கினார்கள். சுரங்கத்துக்காக மலை உச்சியையே தகர்க்கிறார்கள் என்று ரிவர் எழுதும் இடத்தில் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். பிறகு ஒரு பெண் கேட்டாள், அவன் மீனாவுக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கே அது அவ்வளவு வலித்திருக்குமா என்று.

அதன் பிறகு எல்லோரும் கடிதம் எழுத வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நீலகிரியில் என் தோழி ஒருத்தி பாடம் நடத்துகிறாள். அவள் மாணவர்களில் கடலையே பார்க்காதவர்கள் உண்டு. ஐம்பது காசு அஞ்சல் அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முகவரி எழுதும் கோடுகள் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பின்கோடு பெட்டிகளில் எண்களை ஒவ்வொன்றாக எழுதியபோது அவர்கள் முகத்தில் இருந்த கவனம் எனக்குப் பழக்கமானது.

சென்ற வாரம் முதல் பதில் வந்தது. மலையிலிருந்து ஒரு சிறுவன் எங்கள் பையன் ஒருவனுக்கு எழுதியிருந்தான். பையன் அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கம் வந்தான்.

"டீச்சர், நம்ம ஊர்ல புதுசு எதுன்னு கேக்கறான். என்னன்னு எழுதறது?"

எனக்குச் சொல்லத் தெரிந்தது நிறைய இருந்தது. கோட்டை, கல்வெட்டு, கப்பல்கள், அணை. எதையும் சொல்லவில்லை. சைக்கிள் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "பழசு எங்கனா இருக்கும். போய்ப் பார்த்துட்டு வந்து எழுது" என்றேன்.